சுவரில் ஒட்டிய வார்த்தை

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் அக்கா. அந்த ஓரத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கும், சேலையைக் கிழித்துவிடும். எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? நான் இங்கே படித்தவள்தான். எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை. பெஞ்சும் மாறவில்லை, ஆணியும் மாறவில்லை. சிஸ்டர்கள்தான் மாறிவிட்டார்கள்.

என் மகள் உள்ளே பரீட்சை எழுதுகிறாள். லியா. இரண்டாம் வகுப்பு. வருஷத்தின் நடுவில் யாரையும் சேர்ப்பதில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜெசிந்தா, பழைய மாணவி, ஆண்டு விழாவில் மாதா வேஷம் போட்டவள் என்றெல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். எழுதி முடித்ததும் என்னையும் உள்ளே கூப்பிடுவார்கள். சிஸ்டர் அவளிடம் நாலு கேள்வி கேட்பார். அவள் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். திறந்துவிட்டால் போதும், இந்த ஊர் எச்சிலுக்குள்ளிருந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

எச்சில் என்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? நீங்கள் பஸ் ஸ்டாண்டு வழியாக வரவில்லையா? போஸ்டரைப் பார்க்கவில்லையா? நல்லதாகப் போயிற்று.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் சூப்பர்வைசர். மில்லை மூடிவிட்டார்கள். லியா படித்த மெட்ரிக் ஸ்கூலிலிருந்து அவளை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கார்ப்பரேஷன் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் இருக்கிறது என்றார்கள். இங்கிலீஷ் மீடியம் என்பதால்தான் சேர்த்தேன், அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மதுரையில் இருக்கிற மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. அதாவது, சொல்லாமல் இருந்தேன். இப்போது போஸ்டர் சொல்லிவிட்டது.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். எச்.எம். மரகதவல்லி டீச்சர் தங்கமானவர். மெட்ரிக்கில் இருந்தவரை 'அ' எழுதவே அழுத லியா, அங்கே போய் கொஞ்ச நாளிலேயே கடை போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் போனால் ஜன்னலோரத்தில் நின்றுகொண்டு ஊரையே வாசிப்பாள். அதில்தான் வினையே வந்தது.

எலெக்ஷன் வந்தது இல்லையா. ஒரு கட்சிக்காரர் மேடையில் ஏறி, "கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா? அது கஞ்சித்தொட்டி! தட்டை நக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு ஒரு இடம்!" என்று பேசிவிட்டார். காலை டிபன், மதியச் சோறு போடுகிறார்களே, அதைச் சொல்கிறாராம். என் பிள்ளை தட்டை நக்குகிறாளா? நான் டிபன் பாக்ஸ் கொடுத்தல்லவா அனுப்புகிறேன். அந்தச் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினேன்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராத்திரியோடு ராத்திரியாகப் போஸ்டர் அடித்தார்கள். 'கஞ்சித்தொட்டி என்றவனே, மன்னிப்புக் கேள்!' அந்த முதல் வார்த்தை மட்டும் ஆள் உயரத்துக்கு, சிவப்பில். அதை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே ஒட்டினார்கள். கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை வரிசையாக. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற வந்தவர்களின் வேலை இது! திட்டினவன் ஒரு தடவை சொன்னான். இவர்கள் சுவர் முழுக்க எழுதி வைத்தார்கள். மைதா பசையை நக்க ஆடுகள் வந்து நின்றன. ஆடும் போஸ்டரும் எச்சிலும், சீ.

மறுநாள் காலையில் லியா கேட்டுக்கு வெளியே நின்று கை நீட்டி வாசித்தாள். "க...ஞ்...சி...த்... தொ...ட்...டி. அம்மா, கஞ்சித்தொட்டி! நானா படிச்சிட்டேம்மா!" அவள் தானாக வாசித்த முதல் பெரிய வார்த்தை. முகமெல்லாம் சிரிப்பு. நான் அவள் வாயில் ஓர் அடி வைத்தேன். மெதுவாகத்தான்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஓடிப் பிடிக்கிற விளையாட்டில் தொட்டவன் "நீ கஞ்சி!" என்கிறான், ஓடுகிறவன் "நீ தொட்டி!" என்கிறான். வீட்டிலும் அதே பாட்டு. அப்போதுதான் எனக்கு இந்த கான்வென்ட் ஞாபகம் வந்தது.

எங்கள் காலத்தில் இங்கே ஒரு மரத்துண்டு உண்டு அக்கா. சிவப்பு உல்லன் நூலில் கோத்திருப்பார்கள். வளாகத்துக்குள் தமிழ் பேசிவிட்டால் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். இன்னொருத்தி தமிழ் பேசுவதைக் கண்டுபிடித்து, "கேட்ச்!" என்று சொன்னால் அவள் கழுத்துக்கு மாற்றிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் இம்போசிஷன் எழுத வேண்டும். என் கழுத்தில் அது ஒரு நாளும் தங்கியதில்லை. பிலோமினா என்று ஒரு பெண், பக்கத்தில் உட்காருவாள். பின்னாலிருந்து ஒரு கிள்ளு கிள்ளுவேன். "ஐயோ!" என்பாள். கேட்ச்! 'ஐயோ' தமிழா என்று அவள் சிஸ்டரிடம் போய் அழுதாள். தமிழ்தான் என்று சிஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்கள் எப்படிச் சிரித்தோம்! அந்த ஒழுக்கம் இப்போது எங்கே இருக்கிறது? அப்படி வளர்த்ததால்தான் இன்றைக்கு நான் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிறேன். பிலோமினாவா? அவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை.

அதே மாதிரி வீட்டில் ஒரு துணி கிளிப்பை எடுத்தேன். ரோஸ் கலர் பிளாஸ்டிக். கெட்ட வார்த்தை சொன்னால் சட்டைக் காலரில் கிளிப். இன்னொருவரை 'கேட்ச்' சொல்லிப் பிடித்தால்தான் மாற்றலாம், தானாகக் கழற்றக் கூடாது. கஞ்சித்தொட்டி முதல் கெட்ட வார்த்தை. அப்புறம் அந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்த 'போடி இவளே', 'தின்னு', 'வையாத' எல்லாம். முதலில் குஷியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஏதோ கோபத்தில் "அட போங்கடி" என்று சொல்லி மாட்டிக்கொண்டு, காலரில் கிளிப்போடேயே கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தார். லியா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு இவர் கவனமாகிவிட்டார். நான் எப்போதுமே கவனம். அதனால் கிளிப் லியாவிடமே தங்கிவிட்டது. இப்போதுகூட ஃபிராக் பையில் வைத்திருப்பாள். வெளியில் வரும்போது மாட்ட வேண்டாம், பையில் வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளை சங்கடப்படக் கூடாது இல்லையா?

ஆனால் நல்ல பலன். வரவரச் சத்தமே இல்லை. சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டுவாள், போதுமா என்றால் தலையாட்டுவாள். கான்வென்ட் பிள்ளை மாதிரி அடக்கம் வந்துவிட்டது. டீச்சரிடம் கேட்டால், "வகுப்புல வாய் மூடுறதே இல்லைம்மா, கதை கதையாச் சொல்றா" என்கிறார். பாருங்கள், அந்தச் சூழ்நிலை அப்படி.

உங்களுக்கு யார், பையனா, பெண்ணா? எந்த வகுப்பில் சேர்க்கிறீர்கள்? ஓ. சேர்க்க வரவில்லையா. டி.சி. வாங்கவா வந்தீர்கள்? இங்கேயிருந்தா? இந்த இடத்துக்காக நான் தவம் கிடக்கிறேன், நீங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். எங்கே சேர்க்கப் போகிறீர்கள்? சரி, சொல்ல வேண்டாம். நான் அப்படித் துருவிக் கேட்கிறவள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கார்ப்பரேஷன் பள்ளியில் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒரு பெண்தான் அதற்குத் தலைவி. தலைவி ஆகிறேன் என்று கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. பாண்டீஸ்வரி என்று ஓர் அக்கா, அவர் மகன் லியா வகுப்புதான். அந்த அக்காதான், "இந்தப் பொண்ணு கான்வென்ட்டுல படிச்சது. பேசுனா எதிராளி வாயடைச்சுப் போவான். இதையே போடுங்க" என்றது. எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் வேறு யாரைப் போடுவார்கள், சொல்லுங்கள்.

போஸ்டர் சண்டை முற்றியதும் உள்ளூர் சேனல்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் விவாதம் வைத்தார்கள். 'அரசுப் பள்ளியை எப்படி அழைப்பது?' இதுதான் தலைப்பு. அதற்கு ஒரு பேனர், இரண்டு கட்சிக்காரர்கள், அப்புறம் தாய்மார்கள் சார்பில் நான். லியாவை வீட்டில் விட ஆள் இல்லை, யூனிஃபார்மோடேயே கூட்டிப் போனேன். எச்.எம். டீச்சரும் பாண்டீஸ்வரி அக்காவும் மற்ற அம்மாக்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கஞ்சித்தொட்டிக்காரர் எனக்குப் பக்கத்து நாற்காலி. பாதாம் பாலில் படிந்த ஆடையை விரலால் எடுத்து நாற்காலிக் கையில் தடவினார். அதே விரலால் லியா கன்னத்தைக் கிள்ளி, "பாப்பா நல்லாப் படிக்குதா?" என்றார். என் உடம்பெல்லாம் கூசியது. மைக்கைப் பிடித்ததும், "நான் பள்ளிக்கூடத்தைச் சொல்லலைங்க, நிர்வாகத்தைச் சொன்னேன்" என்கிறார். தட்டை நக்குவது நிர்வாகமா?

எதிர்க்கட்சிக்காரர் இன்னும் மோசம். "அது ஏழைகளின் கோயில்! அங்கே அமர்ந்திருப்பது குழந்தைகள் அல்ல, கடவுள்கள்!" கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "அண்ணே, உங்க பேரன் எந்தக் கோயில்ல படிக்கிறான்?" என்று பாண்டீஸ்வரி அக்கா பின்னாலிருந்து ஒரு குரல் விட்டது. மண்டபமே சிரித்தது. அவர் காது கேட்காதவர் மாதிரி தண்ணீர் குடித்தார். பேரன் ஊட்டியில் படிக்கிறானாம். ஒருத்தன் துப்புகிறான், ஒருத்தன் துப்பின இடத்தில் பூ வைக்கிறான். இரண்டு பேரில் யார் கையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

என் முறை வந்தது. எழுந்து நின்று, இந்த கான்வென்ட்டில் எலக்யூஷன் பேச்சுப் போட்டிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, கூட்டத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினேன். "ஐயா, வார்த்தையால் அடிக்காதீர்கள். இந்தப் பள்ளியில் படிப்பவர்கள் யார்? வேறு வழியில்லாதவர்கள். கதியில்லாதவர்கள். அந்தப் பாவப்பட்ட ஜனங்களுக்கு இருப்பது இந்த ஓர் இடம்தான். அவர்களைப் போய் இப்படிப் பேசலாமா? உங்கள் நாக்கு கூசவில்லையா?" என்றேன். இரண்டு கட்சிக்காரர்களும் கை தட்டினார்கள் அக்கா. இரண்டு பேரும்! அவ்வளவு நன்றாகப் பேசினேன்.

பின்வரிசையில் மட்டும் ஒருவரும் தட்டவில்லை. உருக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வெளியே செருப்பைத் தேடும்போது பாண்டீஸ்வரி அக்கா வந்து நின்றது. "ஏம்மா, எங்களுக்கு வேற வழி இல்லைன்னு உன்கிட்ட யாரு வந்து அழுதது?"

"உங்களுக்காகத்தானேக்கா பேசினேன்."

"எங்களுக்காகவா? என் மகன் மெட்ரிக்ல படிச்சவன். ஒன்னுக்கு வருதுன்னு இங்கிலீஷ்ல கேட்கத் தெரியாம டவுசரோட நனைஞ்சு வந்தான். நான் தேடிப் பார்த்து, மரகதவல்லி டீச்சரைக் கண்ணால பார்த்துட்டு, இங்க கொண்டாந்து சேர்த்தவ. நீ கதியத்து வந்தேன்னா அது உன் கதை. எங்க தலையில ஏன் கட்டுற?"

மற்ற அம்மாக்கள் என்னைப் பார்க்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். வெறும் வீம்பு, வேறென்ன? ஒன்னுக்குப் போகிறதற்கு இங்கிலீஷில் கேட்க நான் நாலு வயதில் கற்றுக்கொண்டேன். அதற்காகவா ஒரு பள்ளியை விடுவார்கள்? ஆனால் அந்த முகங்களை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. நல்லது சொன்னவளை நாயைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

அடுத்த நாள் கஞ்சித்தொட்டிக்காரர் ஆட்கள் போஸ்டர் ஒட்டினார்கள். என் படம், பக்கத்தில் யூனிஃபார்மில் லியா. 'வேறு வழியில்லாமல் அனுப்புகிறோம்! ஒரு தாயின் கண்ணீர்!' நான் அழவே இல்லை அக்கா, வியர்வையைத்தான் துடைத்தேன். அதைத்தான் கண்ணீராக்கிவிட்டார்கள். லியா கன்னத்துக்கு மேல் எவனோ வெற்றிலை துப்பியிருந்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று முந்தானையால் துடைத்தேன். கிழிந்துதான் வந்தது, கறை போகவில்லை. அதற்கப்புறம் பைக்கில் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு கூட்டம், "அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு ஒரே ஒரு மறுப்பு வீடியோ" என்கிறது. அடுத்த கூட்டம் உண்மையைப் பேசினீர்கள் என்று பொன்னாடையோடு வருகிறது. கதவைத் தட்டுகிறவன் எந்தக் கூட்டம் என்று தெரியாமல் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். லியா என் பின்னால் நிற்பாள். "சத்தம் போடாதே" என்று நான் சொல்லத் தேவையே இல்லை. அவள்தான் போடுவதில்லையே.

பயமாக இருக்கிறது அக்கா. ஊர்ச் சுவரில் என் பிள்ளை முகம் இருக்கிறது. இந்த கான்வென்ட் மதில் உயரமானது. இங்கே யாரும் போஸ்டர் ஒட்ட மாட்டார்கள். இதற்குள் கொண்டு வந்து விட்டுவிட்டால் போதும்.

இருங்கள். கூப்பிடுகிறார்கள். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? டி.சி. என்றால் இழுத்தடிப்பார்கள். லியா, இங்கே என் பக்கத்தில் உட்கார். ஆன்ட்டிக்கு வணக்கம் சொல். சரி, தலையாட்டினால் போதும்.

உள்ளே பேசினது உங்களுக்குக் கேட்டதா?

எழுத்தெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாள் என்றார் சிஸ்டர். பிறகு, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டார். லியா பார்த்துக்கொண்டே நின்றாள். "பேர் என்னம்மா?" என்று தமிழிலும் கேட்டார். மாட்டுப் படத்தைக் காட்டினார், மயில் படத்தைக் காட்டினார். வாய் திறக்கவில்லை. முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினேன், யாருக்கும் தெரியாமல். 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பேசுவாளா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"நல்லாப் பேசுவா சிஸ்டர். இப்பத்தான் கொஞ்ச நாளா..."

"போஸ்டர்ல பார்த்த பிள்ளைதானே? எந்த ஸ்கூல்ல இருக்கா?"

அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்த இடம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது, வந்துவிட்டது. "அது ஸ்கூலே இல்லை சிஸ்டர். கஞ்சித்தொட்டி. அங்கே போட்டதால்தான் என் பிள்ளை இப்படி ஆயிட்டா."

லியா நிமிர்ந்து பார்த்தாள். ஃபிராக் பையில் கை விட்டாள். என் பக்கம் வந்து, நுனிக்காலில் எம்பி, இதோ இந்தத் தோள்பட்டையில், முந்தானை மடிப்போடு சேர்த்துக் கிளிப்பை மாட்டினாள்.

"கேட்ச்" என்றாள்.

அவ்வளவுதான். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் எதிரில் அவள் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். "அட, நம்ம பழைய விளையாட்டு! வீட்டிலேயே பழக்கியிருக்கீங்களே" என்றார். இடம் கொடுத்துவிட்டார் அக்கா. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். "பேசாத பிள்ளை பரவாயில்லை, இங்க வாயாடிகளாலதான் தொல்லை" என்கிறார். பாருங்கள், நான் பயந்ததெல்லாம் வீண். எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

இல்லை, தொடாதீர்கள். கழற்ற வேண்டாம். தானாகக் கழற்றக் கூடாது, அடுத்தவரும் கழற்றிவிடக் கூடாது. அதுதான் விதி. விதி போட்டது நான். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பாருங்கள், கண்ணை எடுக்காமல். நான் இப்படியே பஸ்ஸில் ஏறி, அந்தப் போஸ்டர்களைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். வேறொருவர் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் மாற்றலாம்.

நீங்கள் உங்கள் பிள்ளையை எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே. கார்ப்பரேஷன் பள்ளிக்குத்தானே? எனக்குத் தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சொல்லுங்கள். அதை இந்த ஊரில் என்னவென்று சொல்கிறார்கள்?

ஏன் சும்மா இருக்கிறீர்கள்? ஒரே ஒரு வார்த்தை, சொல்லுங்கள் அக்கா.